மாடு செத்தால்தான் காதல் வரும்: கௌபாய் காதல் கதை எழுத நினைப்பவர்களுக்கு

என் முதல் கௌபாய் கதையில் நாயகன் ஒரே குதிரையில் ஒரே நாளில் 120 மைல் பறந்துபோய்க் காதலியைக் காப்பாற்றினான். எழுதி முடித்த சூட்டோடு அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அப்பா பினாங்கு குதிரைப் பந்தயத் திடலில் முப்பது வருடத்துக்கு மேல் சைஸாக இருந்தவர். குதிரையைக் குளிப்பாட்டி, தீனி வைத்து, நடத்திக்கொண்டு போகிற வேலை. ஓய்வுபெற்ற பிறகும் லாயத்து வைக்கோல் வாசனை அவர் சட்டையை விட்டுப் போகவில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "அது குதிரையா, கப்சாயா?" என்றார். (கப்சாய் என்பது எங்கள் ஊர்ச் சின்ன மோட்டார் சைக்கிள்.)

அன்றைக்கே அதைக் கிழித்துப் போட்டேன். ஆளையும் சுமையையும் தூக்கிக்கொண்டு ஒரு குதிரை நாளுக்கு 30 மைல் போனால் நல்ல நாள். 40 மைல் ஓட்டினால் மறுநாள் அதைப் படுக்கவிட வேண்டும். பட்டர்வொர்த்திலிருந்து தைப்பிங் போய்ச் சேர இரண்டு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் எழுதப்போகும் கதையின் வேகம் அவ்வளவுதான். அதுவும் நல்லதுக்குத்தான். இரண்டு பேர் பேசாமல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு நாள் போனால், மூன்றாம் நாள் ஏதாவது பேசித்தானே ஆக வேண்டும்?

இதுவரை இந்த மாதிரிக் கதை ஒன்பது எழுதியிருக்கிறேன். அச்சில் வந்தது நான்கு. சௌராஸ்தா சந்தை மாடியில் பழைய புத்தகக் கடைகளில் மூன்று வெள்ளி, ஐந்து வெள்ளி கொடுத்து வாங்கிப் படித்துக் கற்றுக்கொண்டதுதான் எல்லாம். 'நமக்கு எதுக்கு அமெரிக்கா, நம் தோட்டத்துக் கதை இல்லையா?' என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது, அதையும் எழுதுங்கள். எனக்கு மாடும் குதிரையும் வேண்டியிருந்தது.

முதல் வேலை, தாளின் தலையில் வருடத்தை எழுதுவது. 'அந்தக் காலத்து அமெரிக்கா' என்று ஒரு காலம் கிடையாது. 1867இல் கன்சாஸ் மாநிலத்து அபிலீன் ஊரில் மாட்டுச் சந்தை திறந்தது. டெக்சாஸிலிருந்து மாடுகளை நடத்திக்கொண்டு வந்து ரயிலில் ஏற்றுகிற பெரிய காலம் அங்கேதான் தொடங்குகிறது. (அதே 1867 ஆகஸ்டில் இங்கே ஜார்ஜ்டவுனில் இரகசியச் சங்கங்கள் தெருத்தெருவாக அடித்துக்கொண்டிருந்தன. நம் ஊரும் அப்போது ஒன்றும் சாது இல்லை.) 1869 மே 10இல் யூட்டாவில் இரண்டு ரயில் பாதைகள் வந்து சேர்ந்தன, கண்டத்தைக் குறுக்கே கடக்க வழி பிறந்தது. 1873இல் ஜீன்ஸ் கால்சட்டைக்குச் செப்பு ஆணி அடிக்கும் காப்புரிமை. அதே 1873இல்தான் எல்லாரும் படம் பார்த்துப் பழகிய அந்த ஆறு குண்டுக் கோல்ட் துப்பாக்கியும். 1874இல் கிளிடன் என்பவர் முள்கம்பிக்குக் காப்புரிமை வாங்கினார்.

இந்த வருடங்களை ஏன் ஒப்பிக்கிறேன் என்றால், அச்சில் வந்த என் இரண்டாவது கதையில் 1870இலேயே நாயகி முள்கம்பியில் பாவாடையைக் கிழித்துக்கொண்டாள். மூன்று பேர் கடிதம் போட்டார்கள். அதில் ஒருவர் சிவப்பு மையில். அதற்குப் பிறகு நான் எந்தப் பொருளைக் கதைக்குள் கொண்டுவந்தாலும் முதலில் அதன் பிறந்த வருடத்தைக் கேட்கிறேன்.

அடுத்தது, இருவரையும் எது சேரவிடாமல் தடுக்கிறது என்பது. இங்கேதான் நம் ஆட்கள் வழுக்கி விழுகிறார்கள். பணக்கார அப்பா, வில்லன் முறைமாப்பிள்ளை, பழைய குடும்பப் பகை. தொப்பியைக் கழற்றினால் எல்லாம் நம் சினிமா. அந்த நாட்டுக்கே உரிய தடை ஒன்றைத் தேடுங்கள். எனக்குக் கிடைத்தது ஒரு நிலச் சட்டம்.

1862இல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டம் சொல்வது இதுதான். 21 வயது நிரம்பியவர், அல்லது குடும்பத் தலைவர், 160 ஏக்கர் அரசு நிலத்துக்கு மனுப் போடலாம். கட்டணம் எல்லாம் சேர்த்து 18 டாலர். அங்கே வீடு கட்டி, உழுது, ஐந்து வருடம் குடியிருந்தால் நிலம் அவர் பேருக்கு. ஆறு மாதத்துக்கு மேல் விட்டுவிட்டுப் போனால் போச்சு. நம் ஃபெல்டா குடியேற்றத்தில் பத்து ஏக்கர் கிடைத்ததற்கே எவ்வளவு கதை இருக்கிறது, 160 ஏக்கருக்கு எவ்வளவு இருக்கும் பாருங்கள். ஒரு பக்கம் நடக்கவே 800 மீட்டர்.

இதில் கதைக்காரிக்குப் பிடித்த வரி ஒன்று உண்டு. கல்யாணம் ஆகாத பெண்ணும் விதவையும் தன் பேரிலேயே மனுப் போடலாம். கணவன் இருக்கிறவளுக்குப் பொதுவாக அது கிடையாது. சரி, அடுத்தடுத்த நிலத்தில் ஒரு விதவையும் ஒரு கௌபாயும் ஆளுக்கு 160 ஏக்கர் எடுத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். ஆளாளுக்குத் தன் நிலத்தில் குடியிருந்தாக வேண்டும். புருஷன் பெண்சாதிக்கு வீடு ஒன்றுதான் என்பது அரசாங்கத்துக் கணக்கு. கல்யாணம் செய்தால் இரண்டு நிலத்தில் ஒன்று கையை விட்டுப் போகும். ஐந்து வருடம்! வில்லன் வேண்டாம், முறைமாப்பிள்ளை வேண்டாம், நில அலுவலகத்துக் குமாஸ்தா போதும். எல்லைக்கோட்டின் மேலேயே ஒரு வீட்டைக் கட்டி, ஆளுக்கு ஒரு பக்கம் கட்டில் போட்டுக்கொண்டவர்கள் இருந்திருக்கிறார்கள். வேறு சிலர், பன்னிரண்டுக்குப் பதினான்கு அங்குலத்தில் பொம்மை வீடு ஒன்றைச் செய்து நிலத்தில் வைத்துவிட்டு, 'பன்னிரண்டுக்குப் பதினான்கு வீடு கட்டியிருக்கிறேன்' என்று சத்தியம் செய்ததாகவும் சொல்வார்கள். நகைச்சுவைக்கு நாம் தனியாக மூளையைக் கசக்க வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. இந்தச் சட்டம் டெக்சாஸில் செல்லாது. அங்கே அரசு நிலம் மாநிலத்துக்குச் சொந்தம். ஆகவே நாயகியைக் கன்சாஸில் குடிவையுங்கள்.

கன்சாஸ் என்றதும் மாடு வருகிறது. டெக்சாஸ் நீளக்கொம்பு மாடுகள் கடந்து போன வழியில் கன்சாஸ்காரர்களின் மாடுகள் ஒரு மாதம் போல ஆனதும் காய்ச்சல் கண்டு, சிறுநீர் சிவந்து, செத்துப் போயின. டெக்சாஸ் மாட்டுக்கு ஒன்றும் ஆகாது. அது தூக்கிவந்த உண்ணிதான் நோயைப் பரப்பியது என்று ஆராய்ச்சியில் தெரியவர இன்னும் இருபது வருடம் இருந்தது. அதுவரை கௌபாய், 'என் மாடு ஒன்றுகூடத் தும்மவில்லையே' என்பான். விவசாயி துப்பாக்கியை எடுப்பான். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிற சண்டை கிடைத்தால் விடாதீர்கள். என் கதை இப்படித் தொடங்கியது:

ரூத் வாசலில் நின்றாள். கையில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் ஒன்றும் இல்லை.

"ஜூன் மாதம் இந்த வழியாக மாடு ஓட்டிப் போனது நீங்கள்தானா?"

சைலஸ் தொப்பியைக் கழற்றினான். "ஆமாம் அம்மணி. மூவாயிரம்."

"எனக்கு ஒன்றுதான் இருந்தது."

இவ்வளவுதான். அவள் அழவில்லை, அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. முதல் பிரதியில் அவள் ஒன்றரைப் பக்கம் அழுதாள், செத்த பசுவின் பெயரைச் சொல்லி. (பசுவின் பெயர் டெய்சி. லட்சுமி என்று வைத்தால் என்ன என்று என் தங்கை கேட்டாள். அவளை இனி எதுவும் கேட்பதில்லை.) கயிறு வந்ததும் அழுகை தேவைப்படவில்லை.

அந்த 'அம்மணி'யைக் கவனித்தீர்களா? ஆங்கிலக் கௌபாய் மூச்சுக்கு மூச்சு 'மேம்' என்பான். அதை 'அம்மா' என்று எழுதிப் பாருங்கள், ஆறடி ஆள் தட்டு ஏந்தி நிற்பதுபோல ஆகிவிடும். 'மேடம்' என்றால் வங்கி முகப்பு. 'அம்மணி' கொங்கு நாட்டுச் சொல். பினாங்கில் யாரும் சொல்வதில்லை, அதனாலேயே எனக்குத் தோதாக இருந்தது. மரியாதையும் இருக்கிறது, கொஞ்சம் கிண்டலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதைவிடப் பெரிய விஷயம் நீ, நீங்கள். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தலைவலியும் இல்லை, இந்த வரமும் இல்லை. அங்கே கொலைகாரனுக்கும் காதலிக்கும் ஒரே சொல். நமக்கு அப்படியா? ரூத் முதல் வரியில் 'நீங்கள்' என்கிறாள். அது மரியாதை இல்லை, தள்ளி நிறுத்துகிற கை. பத்தாவது பக்கத்தில் கோபம் முற்றி 'நீ' என்று விழுகிறது. அப்புறம் அவன் தன் கூலியில் ஒரு கறவை மாடு வாங்கி, சொல்லாமல் கொள்ளாமல் அவள் வாசலில் கட்டிவிட்டுப் போன பிறகு மறுபடியும் 'நீங்கள்'. இந்த 'நீங்கள்' வேறு. கடைசியில் வரும் 'நீ' முற்றிலும் வேறு. ஒரே சொல்லை நான்கு முறை வைத்தால் காதல் கதையின் எலும்புக்கூடு நின்றுவிடும். 'அவள் மனதில் ஏதோ ஒன்று மலர்ந்தது' என்றெல்லாம் எழுத வேண்டாம்.

இது எனக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? அம்மா ஆயுள் முழுக்க அப்பாவை 'என்னங்க' என்றுதான் கூப்பிட்டார். ஒரே ஒரு நாள், குதிரை உதைத்து விலா எலும்பு முறிந்து அப்பா கட்டிலில் கிடந்தபோது, அம்மா ஓடிவந்து பார்த்து, "உனக்கு அறிவு இருக்கா? அது பின்னால போய் எதுக்கு நின்ன?" என்றார். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். அப்பா சிரிக்கவும் முடியாமல், விலா வலியில் அழவும் முடியாமல் கிடந்தார். அந்த 'உனக்கு' மாதிரி ஒன்றை எழுதத்தான் இத்தனை வருடமாக முயன்றுகொண்டிருக்கிறேன்.

வாழ்க்கை விவரத்துக்கு வருவோம். கன்சாஸ் புல்வெளியில் மரம் கிடையாது. புல்லோடு மண்ணைக் கட்டிகட்டியாகப் பெயர்த்து அடுக்கித்தான் வீடு. மழை வந்தால் வெளியே விட்ட பிறகும் உள்ளே ஒழுகும், அதுவும் சேறாக. கூரையிலிருந்து பாம்பு விழும். அதற்காக மேலே துணி கட்டுவார்கள், துணியில் பாம்பு நெளிவது கீழே இருந்து தெரியும். விறகுக்கு எருமைச் சாணம் காய்ந்ததைப் பொறுக்கி எரித்தார்கள். ஆங்கிலக் கதைகள் இந்த இடத்தில் கொஞ்சம் கூச்சப்படும். நமக்கு என்ன கூச்சம்? வறட்டி! நகரத்திலிருந்து வந்த ரூத் முதல் வாரம் கையுறை போட்டு இரண்டு விரலால் தூக்குகிறாள். இரண்டாவது வாரம் கையுறை இல்லை. மூன்றாவது மாதம் அடுப்பில் ஒன்றைச் சொருகிவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ரொட்டி பிசைகிறாள். ஆள் மாறிவிட்டாள் என்று நீங்கள் சொல்ல வேண்டாம், வறட்டி சொல்லிவிடும். அமெரிக்கர்களைவிட நாம் நன்றாக எழுதக்கூடிய இடம் இது.

சாகசம் என்றால் உடனே துப்பாக்கிச் சண்டை வேண்டும் என்று நினைக்கிறார்கள். 1881 அக்டோபர் 26இல் டூம்ஸ்டோன் ஊரில் நடந்த அந்தப் பேர்பெற்ற சண்டை முடிய அரை நிமிடம் போலத்தான் ஆனது. ஊருக்குள் துப்பாக்கி தூக்கிக்கொண்டு நடக்கக் கூடாது என்ற சட்டத்தை வைத்துத்தான் அந்தத் தகராறே முற்றியது. விவரம் தெரிந்தவர்கள் ஆறு குண்டுத் துப்பாக்கியில் ஐந்துதான் போடுவார்கள், சுத்தியல் காலி அறையின் மேல் இருக்கும். இல்லாவிட்டால் தவறி விழுந்தால் சொந்தக் காலிலேயே வெடிக்கும். என் கதை முழுக்க இரண்டு குண்டு. ஒன்று பாம்புக்கு, ஒன்று தவறுதலாக.

சாகசத்தை மாட்டுப் பயணத்தில் வையுங்கள். 1874இல் வெட்டுக்கிளி வந்து கன்சாஸை மொட்டையடித்தது. பயிர் போதாதென்று துணியையும் கருவிகளின் மரப் பிடியையும் கடித்தது. ரூத்துக்கும் சைலஸுக்கும் கையில் காசு இல்லை. மாட்டுப் பயணத்தில் கௌபாய்க்கு மாதம் 30, 40 டாலர். பெண்கள் அந்தப் பயணத்தில் போனது அபூர்வம், இருந்தாலும் போனவர்கள் உண்டு. ரூத்தைச் சமையல் வண்டிக்கு உதவியாளாக அனுப்பினேன். ஆறு மாதத்துக்குள் திரும்பினால் நிலம் போகாது என்பதால் சட்டமே எனக்குக் கடிகாரமாகவும் ஆகிவிட்டது. நாளுக்குப் பத்து, பதினைந்து மைல் மட்டும். இடையில் இந்தியன் டெரிட்டரி. அங்கே பூர்வகுடியினர் தங்கள் நிலத்தைக் கடக்கும் மாட்டுக்குத் தலைக்கு இத்தனை என்று கேட்டார்கள். ஆங்கிலப் பழங்கதைகள் இதை மிரட்டல்போல எழுதும். நெடுஞ்சாலை டோல் கட்டிப் பழகிய நமக்கு இது புரியாதா? அவர்கள் நிலம், அவர்கள் டோல். 'இந்தியர்கள்' என்று மொத்தமாக எழுதாமல் சிக்கசா, கொமாஞ்சி என்று இனத்தின் பெயரைப் போடுங்கள். கௌபாய் எல்லாரும் வெள்ளைக்காரர் என்றும் எழுதாதீர்கள். கறுப்பர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். மெக்சிகோக்காரர்களிடமிருந்துதான் தொழிலே வந்தது. லாசோ, ராஞ்ச், ரோடியோ எல்லாம் ஸ்பானியச் சொற்கள்.

சமையல் வண்டியை மட்டும் அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். 1866இல் சார்லஸ் குட்நைட் என்பவர் பழைய ராணுவ வண்டியின் பின்னால் அலமாரிப் பெட்டி பொருத்தி உருவாக்கியது அது. இரவில் படுக்குமுன் சமையற்காரர் வண்டியின் ஏர்க்காலை வடதுருவ நட்சத்திரத்தின் பக்கம் திருப்பி வைப்பார். காலையில் மேகம் மூடினாலும் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரியும். ஆர்பக்கிள் என்று ஒரு கோப்பி. அந்தப் பொட்டலத்துக்குள் ஒரு பெப்பர்மின்ட் மிட்டாய்க் குச்சி இருக்கும். 'யார் கோப்பி அரைத்துத் தருவது?' என்று சமையற்காரர் குரல் கொடுத்தால், துப்பாக்கி கட்டிய முரட்டு ஆண்கள் மிட்டாய்க்காக முண்டியடித்துக்கொண்டு வருவார்கள். நான் இதைப் படித்த அன்று தூங்கவில்லை. சைலஸ் மூன்று வாரம் கோப்பி அரைக்கிறான். மிட்டாய் எதையும் தின்னவில்லை. இருபத்திரண்டாவது நாள் ரூத் தன் மாவு மூட்டைக்குள் கையை விட்டால் மிட்டாய்க் குச்சிகள், மாவு பூசிக்கொண்டு. பூங்கொத்தைவிட இது எவ்வளவோ மேல்.

இரவுக் காவலையும் பயன்படுத்துங்கள். இரண்டு பேர் மந்தையைச் சுற்றி எதிரெதிர்த் திசையில் குதிரையை நடத்திக்கொண்டே பாடுவார்கள், மாடு மிரளாமல் இருக்க. தாலாட்டுத்தான், வேறென்ன? மின்னல் வெட்டி மாடு மிரண்டு ஓடினால் முன்னால் ஓடும் மாட்டைப் பக்கவாட்டில் திருப்பித் திருப்பி மந்தையை வட்டமாக்கித்தான் நிறுத்த வேண்டும். சைலஸுக்குத் தெரிந்தது ஒரே ஒரு தேவாலயப் பாட்டு, அதுவும் ஒரு சரணம். மூவாயிரம் மாட்டுக்கும் அது மனப்பாடம் ஆகிவிட்டது என்று சமையற்காரர் திட்டுகிறார்.

நகைச்சுவை பற்றித் தனியாக ஒன்றே ஒன்று சொல்கிறேன், அதுவும் அப்பா சொன்னது. சேணத்தின் வயிற்று வாரை இறுக்கும்போது சில குதிரை மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொள்ளும். பத்து அடி நடத்தி, அது மூச்சை விட்டதும் மறுபடி இறுக்க வேண்டும். மறந்தால் சேணம் சுழன்று, ஏறியவன் குதிரையின் வயிற்றுக்கு அடியில் தொங்குவான். நாயகன் தன் காதலைச் சொல்லிவிட்டு, வீராப்பாகக் குதிரை மேல் தாவும் இடத்தில் இதை வைத்தேன். ஜோக்கு எழுதவில்லை. குதிரை தன் வேலையைச் செய்தது.

சொற்களில் ரொம்பவும் தனித்தமிழ் பார்க்காதீர்கள். 'மாட்டு இடையர்' என்றால் கோகுலம் நினைவுக்கு வரும். கௌபாய், ஷெரிஃப் என்றே எழுதலாம். 'சலூன்' மட்டும் சிக்கல். நம் ஊரில் சலூன் என்றால் முடி வெட்டும் கடை. நான் 'சாராயக் கடை' என்று போட்டுவிட்டேன், தோட்டத்துக் கள்ளுக்கடையை மனதில் வைத்துக்கொண்டு.

முடிவு சுபமாக இருக்க வேண்டும். காதல் கதைக்காரர்களுக்கு இதில் பேரமே கிடையாது. ஆனால் தேவாலயத்தில் முடிக்காதீர்கள். ஐந்து வருடம் முடிந்ததும் நில அலுவலகத்தில் இறுதி மனுவுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும், இந்த ஆள் உண்மையிலேயே அங்கே குடியிருந்தார் என்று சொல்ல. நம் பதிவுத் திருமணத்துக்கும் இரண்டு சாட்சிகள்தானே. ரூத் முதலில் கையெழுத்துப் போடுகிறாள், அப்புறம் சைலஸ். குமாஸ்தா ரப்பர் முத்திரை குத்துகிறார். வெளியே வந்ததும் அவள் சாட்சிகள் இரண்டு பேரையும் போகவிடாமல் நிறுத்துகிறாள்.

"இன்னும் ஒரு கையெழுத்து இருக்கிறது. பக்கத்துக் கட்டடம்." பிறகு சைலஸைப் பார்த்து, "நீ வருகிறாயா இல்லையா?"

சமையற்காரர் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே, இதற்கு மிட்டாய் உண்டா என்று கேட்கிறார்.